மின்கம்பிக்கும் அலைபேசிக் கோபுரத்துக்கும் அருகில் வாழ்தல்: சான்றுகளின் நிலை

உயர் மின்னழுத்தக் கம்பிகளுக்கு அருகிலோ அலைபேசிக் கோபுரத்தின் பக்கத்திலோ குடியிருப்பது உடல்நலத்துக்குக் கேடு செய்யுமா என்னும் கேள்வி ஏறத்தாழ அரை நூற்றாண்டாக ஆய்வுக்கூடங்களிலும் நீதிமன்றங்களிலும் ஊர்க் கூட்டங்களிலும் எழுப்பப்பட்டு வருகிறது. இவ்விரண்டும் ஒரே அச்சத்தின் இரு கிளைகளாகப் பேசப்பட்டாலும், இயற்பியலின்படி வெவ்வேறானவை; அவற்றைப் பற்றித் திரண்டிருக்கும் சான்றுகளும் அளவிலும் தரத்திலும் வேறுபட்டவை. மின்கம்பிகளைப் பொறுத்தவரை, விளக்கம் காணப்படாத ஒரு புள்ளிவிவரத் தொடர்பு உண்மையிலேயே இருந்தது, அது காலப்போக்கில் மெலிந்தும் வந்திருக்கிறது. அலைபேசிக் கோபுரங்களைப் பொறுத்தவரை அப்படியொரு தொடர்பு உறுதியாகக் காட்டப்பட்டதே இல்லை. ஆயினும் பொதுவெளியில் இன்று கோபுரத்தின் மீதான அச்சமே பெரிதாக நிற்கிறது. இந்த முரணுக்கான காரணம் ஆய்வுக்கூடத்துக்கு வெளியே இருக்கிறது.

மின்கம்பியில் ஓடும் மாறுமின்னோட்டம் இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் வினாடிக்கு 50 சுற்றுகளையும், வட அமெரிக்காவில் 60 சுற்றுகளையும் நிறைவுசெய்கிறது. 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்குரிய அலைநீளம் 6000 கிலோமீட்டர் என்பதால், கம்பிக்குக் கீழே நிற்பவரை எட்டுவது அலையாகப் பரவும் கதிர்வீச்சு அன்று. மின்னழுத்தத்தால் உண்டாகும் மின்புலமும், மின்னோட்டத்தால் உண்டாகும் காந்தப்புலமுமே ஆகும். மின்புலத்தைச் சுவரும் மரமும் பெருமளவு தடுத்துவிடும். காந்தப்புலத்தை அவை தடுப்பதில்லை. அதனால்தான் ஆய்வுகள் மைக்ரோடெஸ்லா என்னும் அலகில் அளக்கப்படும் காந்தப்புலத்தையே முதன்மையாகப் பின்தொடர்ந்தன. அலைபேசிக் கோபுரமோ வினாடிக்குப் பல கோடி முறை அதிரும் ரேடியோ அலைகளை உண்மையிலேயே வெளியிடுகிறது. எனினும் எக்ஸ் கதிரைப் போல அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பெயர்த்தெடுத்து மரபணுவை நேரடியாக உடைக்க ஏறத்தாழ 10 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தேவைப்பட, 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு துகளில் இருப்பது அதில் இருபத்தைந்து இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே இவை அயனியாக்காத கதிர்வீச்சு எனப்படுகின்றன. உறுதியாக அறியப்பட்ட விளைவுகள் இரண்டே: ரேடியோ அலை மிகுந்தால் திசு சூடாகும், குறை அதிர்வெண் புலம் மிகுந்தால் உடலுக்குள் தூண்டப்படும் மின்னோட்டம் நரம்புகளைக் கிளர்த்தும். பாதுகாப்பு வரம்புகள் இவ்விரண்டையும் தவிர்ப்பதற்காகவே கணிக்கப்பட்டவை. இயங்கும் வழி தெரியவில்லை என்பதாலேயே தீங்கில்லை என்று முடிவுகட்ட முடியாது என்பதும் உண்மையே. புகையிலைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு, அது எவ்வழியில் நேர்கிறது என்பது தெளிவாவதற்கு முன்பே மக்கள்தொகை ஆய்வுகளால் நிறுவப்பட்டுவிட்டது. எனவே கேள்வி கொள்ளைநோயியலின் கைக்கு வந்தது. நோய் எங்கே, யாரிடம், எவ்வளவு காணப்படுகிறது என்பதை மக்கள் கூட்டத்தில் எண்ணி ஆராயும் துறை அது.

மின்கம்பி விவாதத்தின் தொடக்கம் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து டென்வர் நகரம். நான்சி வெர்தைமர், எட் லீப்பர் இருவரும் 1979இல் வெளியிட்ட ஆய்வு, புற்றுநோயால் இறந்த குழந்தைகளின் வீடுகளையும் பிற குழந்தைகளின் வீடுகளையும் ஒப்பிட்டு, மிகு மின்னோட்டம் பாயக்கூடிய கம்பிகளுக்கு அருகில் இருந்த வீடுகளில் இரத்தப் புற்றுநோய் இரண்டு மூன்று மடங்கு மிகுந்திருந்ததாகக் கூறியது. அவர்கள் வீட்டுக்குள் காந்தப்புலத்தை அளந்து இம்முடிவுக்கு வரவில்லை. தெருவில் ஓடும் கம்பியின் தடிமன், வகை, வீட்டிலிருந்து அதன் தொலைவு ஆகியவற்றைப் பார்த்து வீடுகளை வகைப்படுத்தினர். எந்த வீட்டில் நோய் இருந்தது என்பதை அறிந்தே வகைப்படுத்தினர் என்ற குறையும் சுட்டப்பட்டது. அதே நகரில் டேவிட் சாவிட்ஸ் குழு 1988இல் நடத்திய மறு ஆய்வு கம்பி வகையோடு ஒரு தொடர்பைக் கண்டதே தவிர, நேரடியாக அளந்த புலத்தோடு அத்தொடர்பு வலுவாக அமையவில்லை. மறு ஆண்டே பால் பிரோடர் 'நியூயார்க்கர்' இதழில் எழுதிய தொடர் கட்டுரைகள் இச்செய்தியை நாடெங்கும் அச்சமாக்கின. 1993இல் சுவீடனின் மரியா ஃபெய்க்டிங், ஆண்டர்ஸ் ஆல்போம் இருவரும் 220, 400 கிலோவோல்ட் கம்பிகளிலிருந்து 300 மீட்டருக்குள் வாழ்ந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, பழைய மின்னோட்டப் பதிவேடுகளிலிருந்து அந்தந்த ஆண்டின் புலத்தைக் கணக்கிட்டபோது ஆய்வு முறை பெரிதும் சீர்பெற்றது; ஆனால் அவர்களுக்குக் கிடைத்த இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகள் மொத்தமே 39 பேர். மிக அரிதான நோயையும் மிக அரிதான சூழலையும் ஒன்றாக இணைத்துத் தேடும் எந்த ஆய்வும் சந்திக்க வேண்டிய இடர்ப்பாடு இது.

அந்த இடர்ப்பாட்டைக் கடக்கவே 2000இல் ஒன்பது ஆய்வுகளின் மூலத் தரவுகளை ஆல்போம் குழு ஒன்றுசேர்த்தது. இரத்தப் புற்றுநோய் கண்ட 3247 குழந்தைகளும், ஒப்பீட்டுக்கான 10,400 குழந்தைகளும் அதில் இடம்பெற்றனர். சராசரியாக 0.4 மைக்ரோடெஸ்லாவுக்குக் குறைவான புலம் நிலவும் வீடுகளில் நோய் மிகுதி எதுவும் தென்படவில்லை. குழந்தைகளில் 99 விழுக்காட்டினருக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தது அத்தகைய வீடுகளில்தான். 0.4க்கு மேற்பட்ட வீடுகளிலோ நோயுற்றோர் 44 பேர், ஒப்பீட்டுக் குழுவினர் 62 பேர். இவ்வெண்களிலிருந்து கணித்த இடர் விகிதம் 2. தற்செயலால் இப்படி நேர்ந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று புள்ளியியல் சோதனை காட்டியது. ஏறத்தாழ அதே நேரத்தில் சாண்டர் கிரீன்லாந்து குழு வேறு முறையில் தொகுத்தபோதும் 0.3 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் 1.7 என்ற விகிதமே வந்தது. இத்துறையின் மிக வலுவான சான்று இதுதான் என்பதால் அதன் தன்மையைக் கூர்ந்து நோக்க வேண்டும். இரு மடங்கு என்று தலைப்பிட்டுச் சொல்லும்போது பெரிதாக ஒலிக்கும் இம்முடிவு, பல நாடுகளில் பல ஆண்டுகள் தேடித் திரட்டிய 44 குழந்தைகளின் மீது நிற்கிறது.

தற்செயல் இல்லை என்றால் காந்தப்புலமே காரணம் என்று பொருளாகிவிடாது. ஒப்பீட்டுக்கு அழைக்கப்படும் குடும்பங்களில் வசதி குறைந்தோர் ஆய்வுக்கு இசைவது குறைவு. அவர்களே கம்பிகளுக்கு அருகில் மிகுதியாகக் குடியிருப்பவர்களானால், ஒப்பீட்டுக் குழுவில் உயர்புல வீடுகள் உள்ளதைவிடக் குறைவாகத் தோன்றி, இல்லாத தொடர்பை இருப்பதாகக் காட்டிவிடும். இது தேர்வுப் பிழை எனப்படுகிறது. இரு மடங்கு முழுவதையும் இதனால் விளக்கிவிட முடியுமா என்பதில் ஆய்வாளரிடையே உடன்பாடு இல்லை. பிரிட்டனிலிருந்து வந்த தரவு இக்குழப்பத்தை வேறு திசையில் கூட்டியது. ஜெரால்ட் டிரேப்பர் குழுவின் 2005ஆம் ஆண்டு ஆய்வு, பிறந்தபோது கம்பியிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்த குழந்தைகளிடம் மட்டுமன்றி 600 மீட்டர் வரை இருந்தோரிடமும் சற்று மிகுதியைக் கண்டது. அவ்வளவு தொலைவில் கம்பியின் காந்தப்புலம் வீட்டுக் கம்பிகளின் புலத்துக்குள் கரைந்துபோய்விடும் என்பதால், தொலைவோடு காணப்பட்ட தொடர்புக்குக் காந்தப்புலம் காரணமாக இருக்க முடியாது. அதே தரவுகளை விரிவாக்கி 2014இல் வெளியான ஆய்வு, அம்மிகுதி 1960களிலும் 70களிலும் இருந்து, 80களுக்குப் பின் மறைந்துவிட்டதைக் காட்டியது. கம்பிகளின் இயற்பியல் பத்தாண்டுக்கு ஒரு முறை மாறுவதில்லை. கம்பிகளைச் சுற்றிக் குடியிருப்போர் மாறுகின்றனர். அண்மைய ஆய்வுகளை மட்டும் தொகுத்து 2022இல் வெளியான பகுப்பாய்வில் 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேற்பட்ட இடர் விகிதம் ஏறத்தாழ 1க்கே வந்துவிட்டது, அதாவது மிகுதி எதுவும் இல்லை. உண்மையான காரணி ஒன்று ஆய்வு முறை செம்மையாகும்போது தெளிவாக வேண்டுமே ஒழிய மங்கக் கூடாது. இங்கே மங்குவதே ஐயத்தின் பக்கம் எடையைக் கூட்டுகிறது.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் கீழ் லியோன் நகரில் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2001இல் குறை அதிர்வெண் காந்தப்புலத்தை '2பி', அதாவது புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளவை என்ற வகையில் சேர்த்ததும், மின்புலத்தை வகைப்படுத்த இயலாதவற்றில் வைத்ததும் மேற்கண்ட தொகுப்பாய்வுகளின் விளைவே. இவ்வகைப்பாடு அடிக்கடி தவறாகப் படிக்கப்படுகிறது. அது ஆபத்தின் அளவைச் சொல்வதில்லை. சான்றின் வலுவை மட்டுமே சொல்கிறது. கற்றாழை இலைச் சாறும், ஆசிய மரபு முறையில் ஊறவைத்த காய்கறிகளும் அதே வகையில்தான் உள்ளன. தொடர்பு உண்மையென்றே வைத்துக்கொண்டாலும், உலகில் 2000ஆம் ஆண்டில் நேர்ந்ததாக மதிப்பிடப்பட்ட 49,000 குழந்தை இரத்தப் புற்றுநோய்களில் 100 முதல் 2400 வரை மட்டுமே காந்தப்புலத்தைச் சாரக்கூடும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2007இல் கணித்தது. ஒரு குழந்தையின் பெற்றோருக்கு இக்கணக்கு ஆறுதல் ஆகாது. கொள்கை வகுப்போருக்கு அது தேவை.

பொதுமக்களின் நம்பிக்கையை வேறெதையும்விடக் குலைத்தது இரு எண்களுக்கு இடையிலுள்ள இடைவெளி எனலாம். அயனியாக்காக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஆணையம் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்துக்குப் பொதுமக்கள் வரம்பாக 1998இல் 100 மைக்ரோடெஸ்லாவையும், 2010இல் அதை உயர்த்தி 200ஐயும் விதித்தது. புற்றுநோய் ஆய்வுகள் பேசுவதோ 0.4. ஐந்நூறு மடங்கு வேறுபாட்டைக் காணும் எவருக்கும் ஏதோ மறைக்கப்படுகிறது என்றே தோன்றும். முதல் எண் நரம்புக் கிளர்ச்சி என்ற நிறுவப்பட்ட, உடனடி விளைவிலிருந்து வந்தது. இரண்டாவது எண், காரணம் உறுதியாகாத ஒரு புள்ளிவிவரத் தொடர்பு தென்படத் தொடங்கிய எல்லை. இரண்டையும் ஒரே அளவுகோலின் இரு புள்ளிகளாக வைத்து வாதிடுவது பொருந்தாது. ஆனால் அவ்வேறுபாட்டை எளிய மொழியில் மக்களுக்குச் சொல்லும் பொறுப்பை மின்வாரியங்களும் அரசுகளும் பெரும்பாலும் ஏற்கவில்லை. இன்னொன்றும் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. பிரிட்டனில் 0.4 மைக்ரோடெஸ்லாவைத் தாண்டிய வீடுகளை ஆராய்ந்தபோது, அவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றில் காரணம் வானில் செல்லும் உயர்மின் கம்பி அன்று, தெருவிலும் சுவரிலும் ஓடும் குறை மின்னழுத்த இணைப்பே என்று தெரியவந்தது. கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதையே மனம் ஐயுறுகிறது.

தமிழகத்தின் மேற்கு மாவட்டங்களில் விளைநிலங்கள் வழியே உயர்மின் கோபுரங்கள் அமைக்கப்படுவதை எதிர்த்து 2018இன் இறுதியில் விவசாயிகள் நடத்திய போராட்டத்தில், கம்பிக்குக் கீழே குழல் விளக்கைக் கையில் பிடித்து அது இணைப்பின்றியே ஒளிர்வதைக் காட்டினர். கண்டோரை உலுக்கும் காட்சி அது. விளக்கை ஒளிரச் செய்வது மின்புலம். குழலுக்குள் உள்ள அழுத்தம் குறைந்த வாயுவுக்கு மிகச் சிறிய மின்னோட்டமே போதும். இரத்தப் புற்றுநோயோடு தொடர்புபடுத்தப்பட்டது மின்புலம் அன்று, காந்தப்புலம். ஆகவே அச்சோதனை கம்பியின் கீழ் புலம் உண்டு என்பதை மெய்ப்பிக்கிறதே தவிர, நோயைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழகத்தின் புகளூருக்கு ஏறத்தாழ 1765 கிலோமீட்டர் வரும் 800 கிலோவோல்ட் மின்தொடரோ நேர்மின்னோட்டத் தொடர். அதன் காந்தப்புலம் புவியின் காந்தப்புலத்தைப் போலவே திசை மாறாதது என்பதால், 50 ஹெர்ட்ஸ் ஆய்வுகள் எதுவும் அதற்கு அப்படியே பொருந்தா. எனினும் அப்போராட்டத்தைப் பாமர அச்சம் என்று ஒதுக்கியவர்கள், அங்கு நிலத்தைப் பற்றிப் பேசப்பட்டதைக் கேட்கத் தவறினர்.

அலைபேசிக் கோபுரத்துக்கு வருவோம். கோபுரத்தின் அலைவாங்கி தன் ஆற்றலைத் தொடுவானை நோக்கிச் சற்றே சாய்த்த மெல்லிய கற்றையாக அனுப்புகிறது. அதனால் கோபுரத்தின் நேர் அடியில் அளவு குறைந்தும், கற்றை தரையைத் தொடும் சில பத்து மீட்டர் முதல் சில நூறு மீட்டர் தொலைவில் சற்று மிகுந்தும் இருக்கும். கோபுரம் நிற்கும் கட்டடத்தில் வாழ்வோரே மிகுதியாகப் பாதிக்கப்படுவர் என்ற பொதுக்கருத்து இதனாலேயே பெரும்பாலும் தவறாகிறது. செருமனியின் நைலா நகரிலும் இசுரேலின் நெதன்யா நகரிலும் 2004இல் மருத்துவர்கள் நடத்திய சிறு ஆய்வுகள், 350 அல்லது 400 மீட்டருக்குள் வாழ்வோரிடம் புற்றுநோய் மிகுதி எனக் கூறிப் பரவலாக மேற்கோள் காட்டப்பட்டன. நெதன்யா ஆய்வு 622 பேரிடம் கண்ட எட்டு நோயாளிகளை மட்டும் நம்பியது. இரண்டிலும் யாருக்கு எவ்வளவு கதிர்வீச்சு என்பது ஆளாளுக்கு அளக்கப்படவில்லை. ஐயம் எழுந்த இடத்தில் நோயாளிகளை எண்ணத் தொடங்கினால், எந்த ஊரிலும் ஏதேனும் ஒரு தெருவில் சராசரிக்கு மேற்பட்ட எண்ணிக்கை கிடைத்தே தீரும். இதற்கு மாறாக, பால் எலியட் குழு பிரிட்டன் முழுவதும் 1999 முதல் 2001 வரை ஐந்து வயதுக்குட்பட்டோரிடம் பதிவான 1397 புற்றுநோய்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு ஒப்பீட்டுக் குழந்தைகளைச் சேர்த்து, கருவுற்ற காலத்தில் தாயின் வீட்டுக்கும் கோபுரத்துக்கும் உள்ள தொலைவையும் கதிர் அளவையும் கணக்கிட்டது. 2010இல் வெளியான அம்முடிவில் எத்தொடர்பும் காணப்படவில்லை.

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் ரேடியோ அலைகளையும் '2பி' வகையில் சேர்த்தது என்பது கோபுர எதிர்ப்புக் கூட்டங்களில் தவறாமல் சொல்லப்படும் செய்தி. அம்முடிவு காதோடு ஒட்டிப் பிடிக்கும் கைபேசியையும் மூளைக் கட்டியையும் பற்றிய ஆய்வுகளிலிருந்து வந்ததே ஒழியக் கோபுரங்களிலிருந்து அன்று. உலக நலவாழ்வு நிறுவனத்தின் வேண்டுகோளில் 1994 முதல் 2022 வரையிலான 63 ஆய்வுகளைத் திரட்டி 2024இல் வெளியான மீளாய்வு, கைபேசிப் பயன்பாட்டுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு இல்லை என்றது. கோபுர அலைகளையும் குழந்தைப் புற்றுநோயையும் பற்றியும் அவ்வாறே முடிவுகண்டது. எதிர்ப்பக்கத்தில் 2018ஆம் ஆண்டின் எலிச் சோதனைகள் நிற்கின்றன: அமெரிக்க அரசின் தேசிய நச்சியல் திட்டமும், இத்தாலியின் ரமாசினி நிறுவனமும் ஆண் எலிகளின் இதய நரம்பு உறைகளில் அரிய கட்டிகளைக் கண்டன. அமெரிக்கச் சோதனையில் எலிகளின் முழு உடலுக்கும் நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம் செலுத்தப்பட்ட அளவு, கோபுரத்தின் அருகில் வாழும் எந்த மனிதருக்கும் கிடைக்காதது. கதிர்பட்ட ஆண் எலிகள் கதிர்படாதவற்றைவிட நீண்ட நாள் வாழ்ந்ததும் அதே ஆய்வின் முடிவு. கோபுரம் தொலைவில் இருந்தால் கைபேசி தன் ஆற்றலைக் கூட்டியும், அருகில் இருந்தால் குறைத்தும் இயங்குகிறது. தெருவிலிருந்து கோபுரத்தை விரட்டியவர், தம் காதருகே உள்ள கருவியை இன்னும் உரக்கப் பேச வைக்கிறார்.

தலைவலி, தூக்கமின்மை, படபடப்பு, தோல் எரிச்சல் ஆகியவற்றைப் பற்றிய முறையீடுகள் புற்றுநோயினும் மிகுதி. இவற்றைச் சோதிப்பது எளிதும்கூட: அலை இயங்குகிறதா இல்லையா என்பது சோதிக்கப்படுபவருக்கும் சோதிப்பவருக்கும் தெரியாத இரட்டை மறைப்பு முறையில், மின்காந்த உணர்திறன் உடையவராகத் தம்மைக் கருதுவோரை அமர்த்திப் பார்க்கலாம். ஜேம்ஸ் ரூபின் குழு 2010 வரை நிகழ்ந்த 46 சோதனைகளையும் அவற்றில் பங்கேற்ற 1175 பேரையும் தொகுத்தது. அலை இருப்பதை அவர்களால் தற்செயலைவிட நன்றாகக் கண்டறிய முடியவில்லை, அலை இல்லாதபோதும் அறிகுறிகள் தோன்றின. தீங்கு வரும் என்ற எதிர்பார்ப்பே உடலில் தீங்காக வெளிப்படுவதை மருத்துவம் நோசீபோ விளைவு என்கிறது. கம்பியில்லா இணைப்பின் ஆபத்தைப் பற்றிய தொலைக்காட்சிப் படத்தைக் கண்டவர்களில் கவலை மிகுந்தோர், பின்பு போலி அலைக்கு உட்படுத்தப்பட்டபோது கூடுதல் அறிகுறிகளை உணர்ந்ததை 2013இல் வெளியான சோதனை காட்டியது. இதன் பொருள் அவர்கள் நடிக்கிறார்கள் என்பதன்று. வலி மெய்யானது, காரணம் வேறு. அவ்வேறுபாட்டை மதிக்காமல் 'எல்லாம் மனப்பிரமை' என்று விடையளிக்கும் அதிகாரி, தாம் தணிக்க வந்த அச்சத்துக்குத் தாமே தீனி போடுகிறார்.

இந்திய அரசு 2012 செப்டம்பர் 1 முதல் கோபுர அலைகளுக்குப் பன்னாட்டு வரம்பில் பத்தில் ஒரு பங்கையே அனுமதித்தது. 900 மெகாஹெர்ட்ஸில் சதுர மீட்டருக்கு 4.5 வாட் என்பது 0.45 ஆயிற்று. 2017இல் தொடங்கிய 'தரங் சஞ்சார்' தளத்தின் வழியே 4000 ரூபாய் கட்டித் தம் வீட்டருகே அளவீடு செய்யக் கேட்கும் வழியும் திறந்தது. நீதிமன்றங்களோ ஒரே குரலில் பேசவில்லை. கேரள உயர்நீதிமன்றம் 2006இல் வெறும் அச்சம் தடைக்குக் காரணமாகாது என்றது; ராஜஸ்தான் உயர்நீதிமன்றம் 2012இல் பள்ளிகளிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் கோபுரங்களை அகற்ற ஆணையிட்டது; 2017இல் உச்ச நீதிமன்றம் குவாலியரில் புற்றுநோயாளி ஒருவரின் முறையீட்டை ஏற்று ஒரு கோபுரத்தை நிறுத்தச் செய்தது; நடிகை ஜூஹி சாவ்லா ஐந்தாம் தலைமுறை அலைவரிசைக்கு எதிராகத் தொடுத்த வழக்கை 2021இல் தில்லி உயர்நீதிமன்றம் அபராதத்தோடு தள்ளியது. திரையும் இதில் பங்கெடுத்தது. 2018இல் ஷங்கர் இயக்கிய '2.0' திரைப்படம் பறவைகளின் அழிவுக்குக் கைபேசி அலைகளைப் பொறுப்பாக்க, அலைபேசி நிறுவனங்களின் சங்கம் தணிக்கை வாரியத்திடம் முறையிட்டது. பிரிட்டனில் சிட்டுக்குருவிகள் 1970களின் பிற்பகுதியிலேயே, கைபேசி வருமுன், குறையத் தொடங்கிவிட்டன. இந்தியப் பறவைகள் நிலை பற்றிய 2020ஆம் ஆண்டு அறிக்கையோ பெருநகரங்களில் மட்டும் அவை குறைந்து, நாடளவில் ஏறத்தாழ நிலையாக இருப்பதாகக் கூறியது.

சான்று முழுமையாகாதபோது முன்னெச்சரிக்கையாகச் செயல்படலாம் என்ற நிலைப்பாட்டைச் சில நாடுகள் எடுத்தன. சுவிட்சர்லாந்து குடியிருப்புகளுக்கு அருகில் அமையும் புதிய மின்தொடர்களுக்கு 1 மைக்ரோடெஸ்லாவையும், இத்தாலி 2003இல் 3 மைக்ரோடெஸ்லாவையும் வரம்பாக்கின. கம்பிகளின் வரிசையை மாற்றியமைத்தாலே புலங்கள் ஒன்றையொன்று பெருமளவு அழித்துக்கொள்ளும் என்பதால், மின்தொடரை அமைக்கும்போதே திட்டமிட்டால் இதற்கு ஆகும் கூடுதல் செலவு சிறிதே. மின்கம்பிக்கு இவ்வகை முன்னெச்சரிக்கை நியாயமானது. கோபுரத்துக்கு அதே நியாயம் பொருந்துமா என்பது ஐயத்துக்குரியது. பிரிட்டனில் வில்லியம் ஸ்டூவர்ட் தலைமையிலான குழு 2000இல் பள்ளி வளாகங்களின் மீது கற்றையின் உச்சம் பெற்றோர் இசைவின்றி விழக்கூடாது எனப் பரிந்துரைத்தது நல்லெண்ணத்தில்தான். ஆயினும் முன்னெச்சரிக்கை நடவடிக்கைகளை அறிவிப்பதே மக்களின் கவலையைக் கூட்டுகிறது என்று செருமானிய ஆய்வாளர்கள் பீட்டர் வீடெமன், ஹோல்கர் ஷூட்ஸ் இருவரும் 2005இல் சோதனை வழியாகக் காட்டினர்.

அச்சத்துக்கு ஆய்வுக்கூடத்துக்கு வெளியிலுள்ள காரணம் இங்கே தெரிகிறது. அலைபேசிக் கோபுரம் அமைந்த மாடியின் உரிமையாளருக்கு மாத வாடகை வருகிறது. அடுத்த வீட்டாருக்கு டீசல் மின்னாக்கியின் இரைச்சலும் புகையும் மட்டுமே வருகின்றன. மின்தொடர் அமைப்போருக்கு 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்ட அதிகாரங்களை வழங்க 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 164ஆம் பிரிவில் வழிசெய்ததால், நிலத்தைக் கையகப்படுத்தாமலேயே, உழவரின் முன்னிசைவின்றியே அதில் மின்கோபுரம் ஊன்ற முடிந்தது. கோபுர அடிநிலத்துக்கு நில மதிப்பில் 85 விழுக்காடும், கம்பி செல்லும் பாதைக்கு 15 விழுக்காடு வரையும் இழப்பீடு தரலாம் என்று 2015இல்தான் மைய அரசின் வழிகாட்டுதல் வந்தது. 2024இல் அவை முறையே 200, 30 என உயர்த்தப்பட்டன. தன்மேல் திணிக்கப்பட்டது, தனக்குப் பயன் தராதது, கண்ணுக்குத் தெரியாதது ஆகிய மூன்றும் கூடிய இடரை மனிதர் பன்மடங்காக உணர்கின்றனர் என்பது இடர் உளவியலில் நன்கு நிறுவப்பட்ட முடிவு. நிலத்தைப் பற்றிய முறையீட்டுக்குச் செவிசாய்க்காத அலுவலகம் புற்றுநோய் என்ற சொல்லுக்கேனும் திரும்பிப் பார்க்கும் என்பதையும் மக்கள் பட்டறிவால் அறிந்திருக்கின்றனர். 400 கிலோவோல்ட் தொடருக்கு ஒதுக்கப்படும் 46 மீட்டர் அகலப் பாதை, கம்பி காற்றில் ஆடும் தொலைவையும் மின்பாய்ச்சல் இடைவெளியையும் கொண்டு கணக்கிடப்பட்டது, காந்தப்புலத்தைக் கொண்டு அன்று. அப்பாதையின் விளிம்பைத் தாண்டி ஓரடியில் நிற்கும் வீட்டில் 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேற்பட்ட புலம் நிலவக்கூடும். இழப்பீட்டுக் கணக்கோ அவ்விளிம்போடு முடிந்துவிடுகிறது.